காட்டை வென்றார்... பட்டாவில் தோற்றார்! - எல்லைப்புற வீரர் சைமன் கென்டனின் கதை

1824-ம் ஆண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத் தலைநகரான ஃபிராங்ஃபர்ட்டுக்குள் ஒரு கிழவர் நுழைகிறார். அவருக்கு வயது 69. உடம்பில் கந்தல் உடை, ஏறி வந்ததோ எலும்பும் தோலுமான ஒரு குதிரை. ஓங்குதாங்கான அந்த மனிதர் வீதியில் நின்று வேடிக்கை பார்ப்பதைக் கண்டு சிறுவர்கள் கூடிச் சிரிக்கிறார்கள். யாரோ நாட்டுப்புறத்துப் பிச்சைக்காரர் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஒருவருக்கு மட்டும் அடையாளம் தெரிகிறது. போர்க்களத்தில் பழகிய பழைய நண்பர் ஜெனரல் ஃபிளெட்சர். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிறார். கடைக்கு அழைத்துப் போய்ப் புதுத் துணி வாங்கித் தருகிறார். பிறகு நேராகச் சட்டமன்றக் கட்டடத்துக்குக் கூட்டிப்போய் சபாநாயகரின் நாற்காலியிலேயே உட்கார வைக்கிறார். 'இவர்தான் சைமன் கென்டன்' என்று சொன்னதும் ஊரே திரண்டுவந்து கைகுலுக்குகிறது. சற்று முன்பு சிரித்தவர்களில் பலர், சிறு வயதில் அவர் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்!

இவ்வளவு பேரும் கொண்டாடும் மனிதர் எதற்காக அங்கே வந்தார்? தன் நிலத்தைக் கேட்டுத்தான். ஒரு காலத்தில் கென்டக்கியின் பெரும் நிலக்காரர்களில் ஒருவர் அவர். இப்போது அவரிடம் மிச்சமிருந்தது மலைப்பக்கத்துத் தரிசு. அதுவும் வரி கட்டாததால் அரசின் கைக்குப் போயிருந்தது. 'அதையாவது திருப்பிக் கொடுங்கள்' என்று கேட்க வந்திருந்தார்.

துப்பாக்கியால் பிடித்த நிலத்தை ஒரு வீரர் காகிதத்தில் தோற்றது எப்படி? அதைத் தெரிந்துகொள்ள அவருடைய 16-வது வயதுக்குப் போக வேண்டும்.

ஒரு பெண்ணும் ஒரு சண்டையும்

1755-ல் வர்ஜீனியாவில், புல் ரன் மலைப்பக்கத்தில் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கென்டன். பள்ளிக்கூடம் போனதில்லை. கடைசி வரை தன் பெயரை எழுதுவதற்கு மேல் அவருக்கு எழுத்து வசப்படவில்லை. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1771-ல் அவர் விரும்பிய பெண் வேறொருவனை மணந்துகொண்டாள். அந்த மாப்பிள்ளை வில்லியம் லீச்மனுக்கும் கென்டனுக்கும் கைகலப்பு. லீச்மனின் நீண்ட தலைமுடியை மரத்தில் சுற்றிக் கட்டிவிட்டு அடித்து நொறுக்கினான் பையன். எதிராளி பேச்சுமூச்சில்லாமல் கிடந்தான். 'கொன்றுவிட்டோம், தூக்குத்தண்டனைதான்' என்ற பயத்தில், வீட்டுக்குக்கூடப் போகாமல் மேற்கு மலைகளைத் தாண்டி ஓடினான். 'சைமன் பட்லர்' என்று பெயரையும் மாற்றிக்கொண்டான்.

மலைகளுக்கு அந்தப்பக்கம் ஒஹாயோ நதி. அதன் தெற்கே கென்டக்கி. காட்டெருமையும் மானும் கூட்டம் கூட்டமாகத் திரிந்த இந்தப் பகுதி ஷானி முதலான பூர்வகுடிகளின் வேட்டைநிலம். வெள்ளையர் கண்ணுக்கோ அது ஆளில்லாத பூமி. வரைபடத்தில் எழுதப்படாத ஊர்கள் அவர்களுக்குத் தெரியவில்லை.

1774-ல் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் பிரபு ஷானிகள் மீதும் மிங்கோக்கள் மீதும் படையெடுத்தபோது, 'பட்லர்' அந்தப் படையில் வேவு பார்ப்பவராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஒரு நெருங்கிய நண்பர் கிடைத்தார். பெயர் சைமன் கெர்ட்டி. சிறு வயதில் பூர்வகுடிகளிடம் சிக்கி, அவர்களிடமே வளர்ந்தவர், அவர்கள் மொழி பேசுபவர். இந்த நட்புதான் பின்னால் கென்டனின் உயிரைக் காப்பாற்றப் போகிறது.

தோளில் சுமந்த கேப்டன்

1775-ல் கென்டன், இன்றைய மேஸ்வில் நகருக்கு அருகே, கரும்புபோல உயர்ந்து வளரும் நாணல் காட்டைக் கண்டுபிடித்தார். அப்படி நாணல் அடர்ந்த இடத்தில் மண் வளமாக இருக்கும் என்பது எல்லைப்புறத்தார் கணக்கு. ஒரு துண்டு நிலத்தைத் திருத்தி மக்காச்சோளம் விதைத்தார். அந்தக் கால வழக்கப்படி, மரத்தை வெட்டி, சோளம் விதைத்து, ஒரு குடிசை போட்டால் அந்த நிலத்துக்கு உரிமை கோரலாம். சிப்பாய் வாழ்க்கையும் குடியேறி வாழ்க்கையும் அவருக்கு ஒன்றாகவே தொடங்கின.

அதற்குள் அமெரிக்க சுதந்திரப் போர் மூண்டது. பிரிட்டிஷார் பக்கம் சேர்ந்த ஷானிகள், கென்டக்கியில் முளைத்திருந்த மரக்கோட்டைகளைத் தாக்கினார்கள். 1777 ஏப்ரலில் பூன்ஸ்பரோ கோட்டைக்கு வெளியே நடந்த சண்டையில், அதன் தலைவர் டேனியல் பூனின் கணுக்காலைக் குண்டு துளைத்தது. கோடரியோடு பாய்ந்த வீரனைச் சுட்டு வீழ்த்திய கென்டன், பூனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கோட்டைக்குள் ஓடினார். அப்போது அவருக்கு வயது 22. டேனியல் பூனை அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் இன்றும் கொண்டாடுகின்றன. சுமந்து வந்தவரை ஒஹாயோ, கென்டக்கிக்கு வெளியே பலருக்குத் தெரியாது.

குதிரை திருடப் போன இடத்தில்...

1778 செப்டம்பர். கென்டனும் இரண்டு கூட்டாளிகளும் ஒஹாயோ நதியைக் கடந்து, ஷானிகளின் ஊரான சில்லிகாத்தேயில் இரவோடிரவாகக் குதிரைகளை ஓட்டிவந்தார்கள். ஆனால், நதிக்கரைக்கு வந்தபோது காற்றில் அலை புரண்டது. குதிரைகள் தண்ணீரில் இறங்க மறுத்தன. குதிரைகளை விட்டுவிட்டு நீந்தியிருந்தால் தப்பியிருக்கலாம். கென்டனுக்கு மனசு வரவில்லை, காத்திருந்தார். பின்தொடர்ந்து வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். கூட்டாளிகளில் ஒருவர் கொல்லப்பட்டார். இன்னொருவர் தப்பினார்.

பிடிபட்டவரைப் பழகாத குதிரை ஒன்றின் முதுகில் கட்டிக் காட்டுக்குள் விரட்டினார்கள். முள்ளும் கிளையும் கிழித்த உடம்போடு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஊருக்குள் ஆண்களும் பெண்களும் கையில் தடியோடு இரண்டு வரிசையாக நிற்பார்கள், நடுவே கைதி ஓட வேண்டும். விழுந்துவிடாமல் மறுமுனையை எட்டினால் அன்றைய பாடு முடிந்தது. இப்படி ஒரு முறையல்ல, ஒன்பது முறை ஓடினார் என்பது அவர் வரலாற்றை எழுதியவர்கள் தரும் கணக்கு. உயிரோடு எரிப்பதென்று தீர்ப்பானது. கைதியின் முகத்தில் கறுப்பு பூசினார்கள். மரணத் தீர்ப்பின் அடையாளம் அது.

வாப்பட்டோமிகா என்ற ஊரில் தண்டனைக்காகக் காத்திருந்தபோது, உள்ளே வந்தவர் சைமன் கெர்ட்டி! அவர் இதற்குள் அமெரிக்கப் படையைவிட்டு விலகிப் பிரிட்டிஷார் பக்கம் போயிருந்தார். அடிபட்டு வீங்கி, கறுப்பு பூசிய முகத்தை அவரால் முதலில் அடையாளம் காண முடியவில்லை. பெயரைச் சொன்னதும் கட்டிப்பிடித்து அழுதார். சபையில் எழுந்து, தன் நண்பனின் உயிரைத் தனக்குத் தரும்படி மன்றாடினார். சபை இரங்கியது.

அந்த நிம்மதி சில வாரங்கள்தான். வேறொரு சண்டையில் உறவுகளை இழந்து திரும்பியவர்கள், மீண்டும் அவரை எரிக்க வேண்டும் என்றார்கள். இம்முறை கெர்ட்டியின் பேச்சு எடுபடவில்லை. அவர் வழியில் குறுக்கே வந்தவர் மிங்கோ தலைவர் லோகன். 1774-ல் வெள்ளைக் குடியேறிகள் கொன்றது அவருடைய குடும்பத்தைத்தான். பழிதீர்க்க அவரைவிட நியாயம் உள்ளவர் யாருமில்லை. அவரோ கென்டனைக் காப்பாற்ற ஆளனுப்பினார். கடைசியில் பிரிட்டிஷ் அரசின் மொழிபெயர்ப்பாளர் பியர் ட்ரூயார், விசாரணை என்ற பெயரில் அவரை டெட்ராய்ட்டுக்கு அழைத்துப்போனார். 1779-ல் அங்கிருந்து ஒரு வியாபாரியின் மனைவி செய்த உதவியால் தப்பி, சுமார் ஒரு மாதம் காடுகளில் நடந்து கென்டக்கி வந்து சேர்ந்தார்.

அமெரிக்காவில் கெர்ட்டியின் பெயர் 'துரோகி' என்பதற்கு மறுபெயராகிப்போனது. கென்டன் மட்டும் தன் ஆயுள் முழுக்க அவரைப் பற்றி நல்ல வார்த்தைதான் சொன்னார்.

ஆனால், சண்டை நிற்கவில்லை. 1780-லும் 1782-லும் ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க்கின் படைகள் ஷானி ஊர்களுக்குள் புகுந்து வீடுகளையும், அறுவடைக்கு நின்ற சோளக் கொல்லைகளையும் கொளுத்தின. வழிகாட்டி முன்னே சென்றவர்களில் கென்டனும் ஒருவர். குளிர்காலத்துக்கு வைத்த தானியம் எரிந்தால் ஒரு ஊர் என்னாகும் என்பது, தானே சோளம் விதைத்த அவருக்குத் தெரியாததல்ல.

செத்தவன் பிழைத்தான்!

இந்தக் காலத்தில்தான் அவருக்கு ஒரு செய்தி வந்தது. லீச்மன் சாகவில்லை! அடிபட்டு மயங்கியதோடு சரி. பதினோரு வருடங்களாகச் செய்யாத கொலைக்குப் பயந்து, அடுத்தவன் பெயரில் வாழ்ந்திருக்கிறார்.

சைமன் பட்லர் மீண்டும் சைமன் கென்டன் ஆனார். வர்ஜீனியாவுக்குப் போய் லீச்மனையும் பார்த்து, சமாதானமாகி, பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் கென்டக்கிக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார். வழியிலேயே தந்தை இறந்துபோனார். முதன்முதலில் சோளம் விதைத்த இடத்துக்கு அருகே 1784-ல் மரத்தாலான அரண் கட்டிக் குடியேறினார்.

ஒஹாயோ நதியில் தோணி தோணியாகக் குடும்பங்கள் வந்திறங்கிய காலம் அது. இறங்குதுறைக்கு நாலைந்து மைலில் கென்டனின் வீடு. வருபவர்களுக்குச் சாப்பாடு, தங்க இடம், வழித்துணை, குறைந்த விலைக்கு நிலம். ஷானிகள் தாக்கினால் இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு துரத்திப்போவதும் அவர்தான். அவர் விற்ற நிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூர் எழுந்தது.

ஒரே நிலத்துக்கு மூன்று உரிமையாளர்கள்

இங்குதான் நம் கதையின் வில்லன் வருகிறான். அந்த வில்லனின் பெயர், பத்திரம்!

அப்போது கென்டக்கி, வர்ஜீனியாவின் ஒரு பகுதி. 1779-ல் வர்ஜீனியா கொண்டுவந்த நிலச்சட்டப்படி, 1778-க்கு முன் குடியேறியவருக்கு 400 ஏக்கர். அதையொட்டி மேலும் 1,000 ஏக்கர் வாங்க முன்னுரிமை. மற்றவர்கள் பணம் கட்டி உரிமைச்சீட்டு வாங்கலாம். சீட்டு கையில் இருந்தால் போதாது. எந்த இடம் வேண்டும் என்று சர்வேயரிடம் பதிய வேண்டும். பிறகு நிலத்தை அளக்க வேண்டும். அளந்த படத்தைத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் பட்டா. இதில் எந்தப் படியில் பிசகினாலும் நிலம் கைநழுவும்.

பெரிய ஓட்டை வேறொன்று. அரசு முதலில் நிலத்தை அளந்து எண் கொடுக்கவில்லை. அவரவர் கேட்ட இடத்தை அவரவரே அளந்துகொண்டார்கள். எல்லை என்பது, 'ஓடை திரும்பும் இடத்தில் பட்டை செதுக்கிய ஓக் மரத்திலிருந்து...' என்கிற ரகம். நம் ஊரில் 'அந்தப் புளியமரம் வரைக்கும் நம்ம நிலம்' என்பார்களே, அதேதான். மரம் விழுந்தால்? ஓடை தடம் மாறினால்? அதே ஓடைக்கு இன்னொருவர் வேறு பெயர் சொன்னால்? கூரை ஓடுகள் போல ஒன்றின்மேல் ஒன்றாக உரிமைகள் ஏறிக்கொண்டன. ஒரே வயலுக்கு இரண்டு பேர், மூன்று பேர் காகிதத்தோடு வந்தார்கள்.

கென்டனுக்குக் காடு அத்துப்படி. அதனால் வெளியூர்க்காரர்களுக்கு நல்ல நிலம் தேடிக் கொடுத்து, கூலியாக அதில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டார். இப்படி ஆயிரக்கணக்கான ஏக்கர் சேர்ந்தது. எந்தத் திருப்பத்தில் எந்த மரம் என்பது அவர் மனதில் பதிந்திருந்தது. ஆனால், நீதிமன்றம் மனதைப் படிப்பதில்லை, பத்திரத்தைத்தான் படிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரின் பதிவுகளில் இருந்த ஓட்டைகளை வக்கீல்கள் ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள்.

வழக்கில் தோற்றால் நிலம் போவதோடு முடியவில்லை. அவர் நிலத்தை விற்றபோது 'இதில் வில்லங்கம் வந்தால் நான் பொறுப்பு' என்று உறுதி கொடுத்திருந்தார். எப்போதோ சில்லறை விலைக்கு விற்ற நிலத்தில் வில்லங்கம் வந்தது. வாங்கியவர் நஷ்டஈடு கேட்டு வந்து நின்றார். அதைக் கட்ட இன்னொரு நிலத்தை விற்றார். அதிலும் வில்லங்கம்!

இது கென்டன் ஒருவரின் தலையெழுத்து அல்ல. அவர் தோளில் சுமந்த டேனியல் பூனும் இப்படியே நிலங்களை இழந்து, 1799-ல் மிசௌரிக்குப் போனார். ஆபிரகாம் லிங்கனின் தந்தை தாமஸ் லிங்கன், பட்டா குழப்பத்தால் வெறுத்துப்போய் 1816-ல் கென்டக்கியை விட்டு இண்டியானாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். அப்போது லிங்கனுக்கு ஏழு வயது.

ஊர் அவருடையது, சிறையும் அங்கேதான்

1796-ல் வீட்டில் பற்றிய தீயில் கென்டனின் மனைவி மார்த்தா இறந்தார். இரண்டு ஆண்டுகளில் எலிசபெத்தை மறுமணம் செய்துகொண்டார். பிறகு நதியைக் கடந்து, முன்பு தன்னைக் கட்டி இழுத்துப்போன அதே ஒஹாயோ மண்ணில் முன்னோடிக் குடியேறியாகப் புதுவாழ்வு தொடங்கினார். 1795-ல் கிரீன்வில் ஒப்பந்தத்தின் மூலம் பூர்வகுடிகள் ஒஹாயோவின் பெரும்பகுதியை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது 20,000 டாலர் மதிப்புள்ள பொருள்களும், ஆண்டுக்கு 9,500 டாலர் மதிப்புள்ள பொருள்களும். காகிதம் முதலில் வென்றது அவர்களைத்தான்.

ஒஹாயோவில் கென்டனுக்கு மரியாதைக்குக் குறைவில்லை. மாநிலக் குடிப்படையில் பிரிகேடியர் ஜெனரல் பதவிகூடக் கிடைத்தது. ஆனால், கென்டக்கி வழக்குகள் நதியைத் தாண்டியும் வந்தன. கடனைக் கட்டாவிட்டால் சிறை என்ற காலம். ஜெனரல் கென்டன் சிறைப்பட்டார். ஒருமுறை கென்டக்கிக்குப் போனபோது கைதாகி வாஷிங்டனில் அடைபட்டார். ஆம், அவர் விற்ற நிலத்தில் எழுந்த அதே வாஷிங்டன்! கடனுக்காகச் சிறையில் அடைக்கும் வழக்கத்தை கென்டக்கி 1821-ல்தான் ஒழித்தது.

நடுவே 1813-ல், 58 வயதில், சாதாரணத் தொண்டராகக் கனடாவில் நடந்த தேம்ஸ் போருக்குப் போனார். ஷானிகளின் மாபெரும் தலைவர் டெகும்சே அந்தப் போரில் வீழ்ந்தார். அவரை முன்பே அறிந்த கென்டனிடம் உடலை அடையாளம் காட்டச் சொன்னார்கள். சிப்பாய்கள் உடலைச் சிதைத்து நினைவுப்பொருளாக எடுத்துப்போவார்கள் என்று தெரிந்து, வேண்டுமென்றே வேறொரு உடலைக் காட்டினார் என்று சொல்லப்படுகிறது. வாழ்நாளெல்லாம் போரிட்ட எதிரிக்கு அவர் செய்த கடைசி மரியாதை அது என்று அந்த ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள்.

கடைசியில் கிடைத்தது

1824-ல் ஃபிராங்ஃபர்ட் போன பயணம் வீண்போகவில்லை. வரிக்காக எடுக்கப்பட்ட நிலத்தைச் சட்டமன்றம் திருப்பிக் கொடுத்தது. நண்பர்களின் முயற்சியால் மத்திய அரசு மாதம் 20 டாலர் ஓய்வூதியம் வழங்கியது. சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்த நாள்தான் தன் வாழ்க்கையிலேயே பெருமையான நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தப் புதுத் துணியையும் தொப்பியையும் பத்திரமாக வைத்திருந்தாராம்.

கடைசிக் காலத்தை ஒஹாயோவின் லோகன் மாவட்டத்தில் ஒரு மரக்குடிலில் கழித்தார். அவரை எரிக்கத் தீர்ப்பான வாப்பட்டோமிகா அங்கிருந்து சில மைல் தூரம்தான். அந்த ஊர் எப்போதோ சாம்பலாகியிருந்தது. அதே மாவட்டத்தில் லூயிஸ்டவுன் என்ற இடத்தில் மிஞ்சியிருந்த ஷானி, செனகா மக்களிடம் 1831-ல் இன்னொரு ஒப்பந்தத்தில் ஒப்பம் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மிசிசிப்பிக்கு மேற்கே புறப்பட்டார்கள். கென்டன் அப்போது 77 வயதுக் கிழவர். தன் நிலத்தைக் காகிதத்தில் இழந்தவரின் அக்கம்பக்கத்திலிருந்து, அதற்கு முந்தைய உரிமையாளர்களும் காகிதத்தாலேயே வெளியேற்றப்பட்டார்கள்.

1836 ஏப்ரல் 29 அன்று, 81 வயதில் இறந்தார். 1865-ல் அவர் உடலை எடுத்துவந்து உர்பானா நகரில் மறு அடக்கம் செய்தார்கள். 1884-ல் ஒஹாயோ மாநிலம் அங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியது. அதன் நான்கு பக்கங்களில் நான்கு தலைகளைச் செதுக்கியிருக்கிறார் சிற்பி ஜான் குயின்சி ஆடம்ஸ் வார்ட். ஒரு கரடி, ஒரு ஓநாய், ஒரு சிறுத்தை... நான்காவதாக ஒரு பூர்வகுடி மனிதர்.

கென்டன் வென்றவற்றின் பட்டியல் என்று நினைத்து அதைச் செதுக்கியிருக்கலாம். ஆனால், அவரைக் கொல்ல நினைத்தவர்களைப் போலவே, காப்பாற்ற ஆளனுப்பிய லோகனும் பூர்வகுடிதான். விலங்குகளோடு அவரைச் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தால், கென்டன் ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகமே. கென்டக்கியில் ஒரு மாவட்டத்துக்கும் ஒஹாயோவில் ஒரு நகருக்கும் இன்று 'கென்டன்' என்று பெயர். உயிரோடு இருந்தபோது ஒரு துண்டு நிலத்துக்கு மனுப் போட்டவரின் பெயரில், இறந்த பிறகு ஒரு மாவட்டமே இருக்கிறது!